ஏரி ஒதுங்கிப் போன ஊர்

வரைபடத்தில் அந்த ஏரி அச்சு அசலாக இதய வடிவம். தோக்கியோவுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். பெயர் யானக்கா ஏரி. படம் எடுத்துப் போடலாம் என்றுதான் போனேன். இதயத்தின் பிளவு ஏன் வந்தது என்று தெரிந்ததும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அங்கேதான் யானக்கா கிராமத்தின் மிச்சம் இருக்கிறது. சுமார் 2,700 பேர் வாழ்ந்த விவசாய ஊர். வத்தராசே, ஒமோய், உசுமா ஆறுகள் கூடும் தாழ்நிலம். வெள்ளம் அவர்களுக்குப் புதிதல்ல. மண்மேடு எழுப்பி அதன்மேல் வீடு கட்டினார்கள். வெள்ளம் வடிந்தால் வண்டல் மிஞ்சும், விளைச்சல் கொழிக்கும்.

ஆற்றின் மேல்பகுதியில் ஆஷியோ செம்புச் சுரங்கம் பெருகியதும் கணக்கு மாறியது. உலைப் புகையிலும் மரவெட்டிலும் மலை மொட்டையானது. வெள்ளம் அடிக்கடி வந்தது, வண்டலோடு நஞ்சும் வந்தது. வயல்கள் செத்தன.

நாடாளுமன்றத்தில் பத்தாண்டு முழங்கிய தனாக்கா ஷோசோ, 1901இல் பதவியைத் துறந்து, மாமன்னரின் குதிரை வண்டியை நோக்கி மனுவோடு ஓடினார். காவலர்கள் மடக்கினார்கள். பித்துப் பிடித்தவர் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். அவரோ 1904இல் யானக்காவுக்கே குடிவந்துவிட்டார்.

அரசு சுரங்கத்தை மூடவில்லை, ஊரை மூடியது. வெள்ளநீரைத் தேக்க இடம் வேண்டும் என்பது காரணம். 1906இல் யானக்கா என்ற கிராமம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. மறுத்து நின்ற 16 வீடுகளை 1907இல் இடித்தார்கள். அப்போதும் அவர்கள் போகவில்லை. குடிசை போட்டு ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். சில குடும்பங்கள் 1911இல் ஹொக்கைடோவின் குளிருக்குப் போயின. தனாக்கா 1913இல் இறந்தபோது அவர் பையில் பைபிளும் அரசியல் சட்டமும் சில கூழாங்கற்களும் இருந்தனவாம்.

1970களில் ஏரி வெட்ட இயந்திரங்கள் வந்தபோது, ஊரை இழந்தவர்களின் வழித்தோன்றல்கள் குறுக்கே நின்றார்கள். ஏரி ஒதுங்கிப் போனது. இதய வடிவம் அப்படி வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019இல் ஹகிபிஸ் சூறாவளியின்போது இந்தத் தேக்கப் பகுதி சுமார் 16 கோடி கன மீட்டர் நீரைத் தாங்கிக்கொண்டது. கீழே கோடிக்கணக்கான மக்கள். அதனால் யாரைக் கோபிப்பது என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

ஆளுயர நாணலுக்குள் நடந்தேன். மேடுகள் இருக்கின்றன, வீடுகள் இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பலகை: இன்னார் வீடு இருந்த இடம்.