இந்தச் சின்ன மெமரிக்குள் எத்தனை படம் கொள்ளும்?

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து எழும்பும்போது, வயதான அம்மா ஒருவர் என் கையைப் பிடித்தார். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, விரல் நகமளவான மெமரி காட் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"பிள்ளை, இதுக்குள்ளை எத்தினை படம் கொள்ளும்?"

அதன் மேல் 32 ஜீபி என்று இருந்தது. மனக்கணக்குப் போட்டு, "ஏழாயிரத்துக்கு மேலை கொள்ளும் அம்மா" என்றேன்.

"என்னட்டை மூண்டு படம்தான் இருக்கு. அது அழியாமல் இருக்குமோ?"

முதற் கேள்விக்கு உடனே பதில் சொன்ன எனக்கு, இரண்டாவது கேள்விக்கு வாய் வரவில்லை. மூன்றும் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படங்கள். அவர் கையிலிருந்த ஒரேயொரு அசல் படத்தை முன்னர் ஒரு விசாரணையில் கொடுத்திருக்கிறார். அது திரும்பி வரவில்லை. பிறகு உறவினர்களிடம் தேடிச் சேர்த்த படங்களை ஒரு சிப்பில் போட்டு வைத்திருந்தார். தொலைபேசி திருத்தக் கொடுத்தபோது அந்தச் சிப் துடைத்து வெறுமையாக வந்தது. இது மூன்றாம் முறையாகச் சேர்த்தது.

சகோதரிகளே, அந்த அம்மாவின் இரண்டு கேள்விகளுக்கும் பதில் எங்கள் எல்லோருக்கும் தேவை.

எத்தனை கொள்ளும்?

ஒரு கடகத்துக்குள் எத்தனை தேங்காய் கொள்ளும் என்று கேட்டால், தேங்காயின் பருமனைப் பொறுத்தது என்போம். படமும் அப்படித்தான். படத்தின் பருமனை எம்பியில் அளக்கிறார்கள். ஏறத்தாழ 1,000 எம்பி சேர்ந்தது 1 ஜீபி. இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் சாதாரண படம் ஒன்று 3 தொடக்கம் 5 எம்பி வரை வரும். 4 எம்பி என்று வைத்தால், 1 ஜீபிக்குள் 250 படங்கள். 16 ஜீபிக்குள் ஏறத்தாழ 4,000. 32 ஜீபிக்குள் 7,000 தொடக்கம் 8,000 வரை. வீடியோ எடுத்தால் இடம் விரைவில் முடிந்துவிடும். தெளிவான வீடியோ ஒரு நிமிடம் 100 எம்பி அளவில் பிடிக்கும். அது 25 படங்களின் இடம்.

முன்பு கமராவுக்குப் போட்ட பிலிம் ரோலில் 36 படங்கள்தான். அந்த அம்மாவின் நகமளவுச் சிப்புக்குள் 200 ரோலுக்கு மேல் அடங்கும். மலிவு விலையில் மிகப் பெரிய ஜீபி எழுதி விற்கும் போலிச் சிப்புகளும் உண்டு. அவை பாதியில் நிரம்பி, பிறகு போடும் படங்களை விழுங்கிவிடும்.

அழியாமல் இருக்குமா?

சிப்புக்குள் படம் நுண்ணிய மின்னேற்றமாகவே பதிந்திருக்கிறது. பல வருடம் பாவிக்காமல் வைத்தால் அது மெல்ல மெல்லக் கசிந்து போகலாம். வளைந்தாலும் உடைந்தாலும் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். ஆகவே சிப் பெட்டகம் அல்ல, ஒரு பை மட்டுமே.

வன்னியில் எங்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது முல்லைத்தீவுக் கரையில் அல்பங்கள் வீட்டோடு போயின. 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனபோது, பிள்ளையைத் தூக்கிய கை அல்பத்தைத் தூக்கவில்லை. இன்று பல வீடுகளில் மிஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த படமோ, பள்ளிக்கூடக் குழுப் படமோதான். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் உறவுகளைத் தேடும் போராட்டம் தொடங்கியபோது, தாய்மார் ஏந்தியதும் அப்படியான படங்களைத்தான். ஆர்ஜென்டீனாவில் 1977இல் பிள்ளைகளைக் கேட்டு வீதிக்கு வந்த தாய்மாரின் போராட்டத்திலும் படங்களே சாட்சியாயின. 2011இல் சுனாமி அடித்த ஜப்பானில், சேற்றிலிருந்து எடுத்த லட்சக்கணக்கான குடும்பப் படங்களைத் தொண்டர்கள் கழுவி உலர்த்தி உரியவர்களிடம் சேர்க்க முயன்றார்கள். படம் என்பது எங்கும் வெறும் கடதாசி அல்ல.

நாம் செய்யக்கூடியவை

பழைய படத்தை விறாந்தை நிழலில், பகல் வெளிச்சத்தில் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல் எடுங்கள். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுத்துக் கழற்ற வேண்டாம், கண்ணாடியோடே எடுங்கள்.

ஒரே படத்தை மூன்று இடத்தில் வையுங்கள்: ஒன்று சிப்பில், ஒன்று கணினியில் அல்லது பென் டிரைவில், ஒன்று வேறு ஊரில் அல்லது வெளிநாட்டில் இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் பருமன் குறைந்து தெளிவு கெடும். 'டொக்கியூமென்ட்' என்று தெரிவு செய்து அனுப்புங்கள்.

ஸ்ரூடியோவில் கொடுத்துப் பிரதியும் எடுங்கள். பின்னால் பென்சிலால் பெயர், ஊர், எடுத்த ஆண்டு எழுதுங்கள். முகம் தெரிந்தவர் எங்களுக்குப் பிறகும் இருப்பாரா?

எந்த அலுவலகத்துக்கும் பிரதியை மட்டும் கொடுங்கள். அசலை கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். கொடுத்ததற்குத் துண்டு கேளுங்கள்.

தொலைபேசி திருத்தக் கொடுக்கும்போது சிப்பைக் கழற்றிக்கொள்ளுங்கள். உங்கள் படங்களும் உங்கள் பெண்பிள்ளைகளின் படங்களும் பிறர் கைக்குப் போகாது. தொலைபேசிக்குள்ளேயும் படம் இருந்தால் முதலில் வேறிடத்துக்கு மாற்றி, அதிலிருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள்.

திரையில் 'போர்மட் செய்யவா?' என்று கேட்டால் ஓம் கொடுக்க வேண்டாம். தவறி அழிந்துவிட்டால், அந்தச் சிப்பில் புதிதாக ஒரு படமும் எடுக்காமல் உடனே கழற்றி வையுங்கள். மேலே புதுப் படம் பதியாதவரை, விபரம் தெரிந்தவர் பழையதை மீட்டெடுக்க வாய்ப்பு உண்டு.

அந்த அம்மாவின் மூன்று படங்களையும் அன்றே பிரதி செய்தோம். அதில் ஒன்று க.பொ.த. சாதாரண தர வகுப்பின் குழுப் படம். கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போது சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கிட்ட வந்தார்கள். ஒருவர் திரையில் விரல் வைத்து, "இது என்ரை அண்ணை" என்றார். இன்னொருவர் கடைசி வரிசையில் தன் மகனைக் கண்டார். அவரிடம் ஒரு படமும் இருந்ததில்லை.

அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அவர்களுக்கும் பிரதி கொடுத்தோம்.

சகோதரிகளே, உங்கள் பெட்டியிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகம் இருக்கக்கூடும். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது பழைய படங்களையும் கொண்டு வாருங்கள்.