உங்களுக்குத் தெரியுமா? சீட்டுக்கு அடியில் ஒரு சாட்சி!

தாத்தா விட்டுச்சென்ற பழைய இங்கிலாந்து ரேஸ் சைக்கிளின் மதிப்பு பெயின்ட் பளபளப்பில் இல்லை. ஃப்ரேமின் குழாயில் இருக்கிறது. பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த '531' மாங்கனீசு-மாலிப்டினம் எஃகில், உயர்ரகக் குழாய்கள் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். வலுவும் குறையாது, எடையும் ஏறாது. அருமையான வேலைப்பாடு!

ஃப்ரேமில் '531' என்ற ஸ்டிக்கரை யாரும் ஒட்டிவிடலாம். அதனால் சீட்டைத் தாங்கும் தண்டை உருவி, வெர்னியர் காலிப்பரால் அதன் விட்டத்தை அளந்துபாருங்கள். 27.2 மி.மீ. என்றால் நல்ல அறிகுறி. 25.4 என்றால் பெரும்பாலும் சாதாரணக் குழாய்தான்.

வண்டியைக் கவிழ்த்தால், கிராங்க் சுழலும் அச்சுக்கூட்டின் அடியில் பொறித்த எண் பல நேரம் வயதைச் சொல்லும். கியரில் 'கம்பக்னோலோ' என்ற இத்தாலியப் பெயர் தெரிந்தால் அதற்கே தனி விலை உண்டு. மதிப்பு தெரியும்வரை தயவுசெய்து புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள்!