காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே

"புயல், காரைக்காலுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கரையைக் கடக்கும்." 2020 நவம்பரில் நிவர் வந்தபோதும், 2024 நவம்பரில் ஃபெஞ்சல் வந்தபோதும் தமிழ்நாடே திரும்பத் திரும்பக் கேட்ட வரி இது. இரண்டு புயல்களும் கடைசியில் புதுச்சேரிப் பக்கம் கரையேறின. 2022 டிசம்பர் 9 இரவில் வந்த மாண்டஸ் மாமல்லபுரத்தை ஒட்டியே கடந்தது.

சென்னைவாசி இந்த வரியைக் கேட்டதும் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்கி வைப்பார். மாமல்லபுரத்துக் குப்பத்திலும், தெற்கே கொக்கிலமேட்டிலும், வடக்கே தேவனேரி, பட்டிபுலம், நெம்மேலி, கோவளம் வரையிலும் ஃபைபர் படகு வைத்திருப்பவருக்கு வேலை வேறு. படகை மேட்டுக்கு இழுக்க ஆள் சேர்க்க வேண்டும். இன்ஜினைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிவர வேண்டும். வலையைச் சுருட்டிக் கட்ட வேண்டும். புயல் திசை மாறிப் போனாலும் அவருக்கு நாலைந்து நாள் தொழில் போனது போனதுதான். முன்னறிவிப்பு எப்போது வருகிறது, யார் சொல்லி வருகிறது, எவ்வளவு துல்லியமாக வருகிறது என்பதெல்லாம் இந்தக் கரையில் வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த சங்கதிகள். கடந்த கால் நூற்றாண்டில் இணையமும் செயற்கைக்கோளும் கைப்பேசியும் இதில் எவற்றை மாற்றின, எவற்றை மாற்றவில்லை?

மைக்கில் வந்த இணையம்

ஒரு காலத்தில் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டும், வானொலியில் வாசிக்கும் மீனவர்களுக்கான வானிலை அறிக்கையும்தான் எச்சரிக்கை. ஊர்ப் பஞ்சாயத்தார் அதைக் கேட்டு மைக்கில் சொல்வார்கள். பிறகு தொலைக்காட்சி வந்தது. சென்னை வானிலை மையத்தின் ரமணன் 2016 மார்ச்சில் ஓய்வு பெறும்வரை மழைக்காலத்தில் அவர் முகத்தைப் பார்க்காத வீடு கிடையாது. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பின் 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் போன்ற தன்னார்வலர்களின் முகநூல் பதிவுகளை லட்சக்கணக்கானவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். காற்றழுத்தத் தாழ்வு, காற்றுக் குவிதல் என்றெல்லாம் டீக்கடையில் பேசும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

கடலோரத்துக்கு இணையம் வந்த வழி வேறு. திரையில் தெரியும் முன்பே அது ஒலிபெருக்கியில் கேட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் இருந்த மையம், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக்கடலின் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தது. கணினியைத் தொட வேண்டாம், எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டாம். வலையைச் சரிபார்த்துக்கொண்டே கேட்டுவிட்டு, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். இன்றைய செயலிகள் பலவற்றைவிட அந்த ஏற்பாடு மேலானது என்பது என் எண்ணம். படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர், கைப்பேசி உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே செய்தி போய்ச் சேர்ந்தது.

அதன் பலன் 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமிச் செய்தி கேட்டதும் ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். வீட்டார் ஓடிப்போய்ச் சொல்ல, ஊர்க்காரர்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து எல்லோரையும் மேட்டுப்பக்கம் அனுப்பினார்கள். வீடுகளும் படகுகளும் சிதைந்தன. சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரே உயிர் தப்பியது. அந்த நேரத்தில் இந்தியாவுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கவில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸில் அது திறக்கப்பட்டது 2007 அக்டோபரில்தான்.

மாமல்லபுரத்தில் அதே அலை செய்ததை உலகமே பேசியது. கடல் உள்வாங்கியபோது பாறைகள் தெரிந்தன. பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் மணலுக்கடியில் புதைந்திருந்த பழைய முருகன் கோயில் 2005இல் தோண்டியெடுக்கப்பட்டது. அதே அலை கட்டுமரங்களை அடித்துக்கொண்டு போனதும், நிவாரணமாக வரிசையாக ஃபைபர் படகுகள் வந்து இறங்கியதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்தக் கரையின் தொழிலை அடியோடு மாற்றியது அந்தப் படகும் அதன் இன்ஜினும்தான். துடுப்பு போட்டுப் போன தூரத்தைவிட அதிக தூரம் போகலாம் என்று ஆனபின்தான், தூரத்துக் கடல் எப்படி இருக்கிறது என்ற தகவலுக்கு மதிப்பு வந்தது.

மீன் கூடும் இடம்

இன்காய்ஸ் வெளியிடும் மீன்வள இடங்களுக்கான அறிவிப்பைப் பலர் 'செயற்கைக்கோள் மீனைப் பார்த்துச் சொல்கிறது' என்று நினைக்கிறார்கள். மீனைச் செயற்கைக்கோள் பார்ப்பதில்லை. கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் நீரின் நிறத்தையும் பார்க்கிறது. வெதுவெதுப்பான நீரும் குளிர்ந்த நீரும் முட்டும் எல்லையில், அடியிலிருந்து சத்துகள் மேலேறும். அங்கே நுண்ணிய மிதவைப் பாசி பெருகும். அதன் பச்சையம் நீரின் நிறத்தை மாற்றும். பாசியைத் தின்னச் சிறு உயிர்கள் வரும், அவற்றைத் தின்ன மத்தியும் கானாங்கெளுத்தியும் வரும், அவற்றின் பின்னால் பெரிய மீன்கள் வரும். நிறத்தைப் படிக்கவென்றே இந்தியா ஓஷன்சாட் வரிசையை விண்ணில் வைத்திருக்கிறது. அதில் மூன்றாவது 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்டது.

கரைக்கு வரும் அறிவிப்பில் கவிதை எதுவும் இருக்காது. மீன் இறங்குதளத்தின் பெயர், அங்கிருந்து எந்தத் திசை, எத்தனை டிகிரி, எத்தனை கிலோமீட்டர் முதல் எத்தனை கிலோமீட்டர் வரை, ஆழம் எத்தனை மீட்டர், அட்சரேகை, தீர்க்கரேகை. இவ்வளவுதான். ஜிபிஎஸ் கருவியிலோ கைப்பேசியிலோ அந்த எண்களைப் போட்டால் அம்புக்குறி வழிகாட்டும். இப்போது இது 'சமுத்ரா' செயலியிலும், சுவாமிநாதன் நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலியிலும் கிடைக்கிறது. மேகம் மூடினால் செயற்கைக்கோளின் கண் மறைந்துவிடும். அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அறிவிப்பு விட்டுவிட்டுத்தான் வரும். கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வராது.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. அறிவிப்பு எல்லோருக்கும் பொது, படகு எல்லோருக்கும் ஒன்றல்ல. காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகுக்கு 40 கிலோமீட்டர் தூரம் பொருட்டே இல்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே பாடு பார்க்கும் ஃபைபர் படகுக்காரருக்கு, ஆழ்கடலில் மீன் கூடியிருக்கும் செய்தியால் என்ன பயன்? டீசலும் இன்ஜின் திறனும் உள்ளவரே அந்தச் செய்தியைப் பணமாக்குகிறார். தகவல் இலவசம் என்பதால் அது சமமாகப் போய்ச் சேர்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

காற்றைக் காட்டும் திரை

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் அலைச்சறுக்கு வேரூன்றி ஆண்டுகள் பல ஆகின்றன. கோவளம் மீனவரான மூர்த்தி மேகவன் 2012இல் தொடங்கிய பள்ளியில் குப்பத்துப் பிள்ளைகள் பலர் பயின்றார்கள். அலைச்சறுக்குக்காரர்கள் உலகெங்கும் பார்ப்பது 'விண்டி' போன்ற செயலிகளை. 2014இல் செக் நாட்டில் உருவான அந்தச் செயலியில் காற்று நெளிநெளியான கோடுகளாக ஓடும். நிறத்தை வைத்தே வேகம் தெரியும், ஆங்கிலம் தேவையில்லை. விடியுமுன் படகைத் தள்ளும் நேரத்தில், பாலித்தீன் உறையில் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிய கைப்பேசியில் இந்தக் கோடுகளைப் பார்ப்பது இளைஞர்களிடம் இயல்பாகிவிட்டது.

அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? ஐரோப்பிய வானிலை மையமும் அமெரிக்க வானிலை மையமும் மீக்கணினிகளில் உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முடிவுகளே அவை. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். மாமல்லபுரமும் கொக்கிலமேடும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். புயல் வரும், காற்று திரும்பும், அலை உயரும் என்பதற்கு இது போதும். படகைத் தள்ளும் இடத்தில் மணல்திட்டு நேற்று எங்கே இருந்தது, இன்று எங்கே நகர்ந்தது, கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டிய கற்களில் மோதித் திரும்பும் அலை எந்தப் பக்கம் இழுக்கும் என்பது அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. ஃபைபர் படகு கவிழ்வது பெரும்பாலும் அலை உடையும் அந்தச் சில நூறு அடிக்குள்தான்.

அங்கே இன்றும் பெரியவர்களின் அறிவுதான் துணை. வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள் இவர்கள். நீரோட்டத்தை 'வெள்ளம்' என்பார்கள். வடக்கே இழுப்பது, தெற்கே இழுப்பது, கரைக்குத் தள்ளுவது என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. எந்தக் காற்றோடு எந்த வெள்ளம் சேர்ந்தால் எந்த மீன் கரைக்கு வரும், எந்த வலை விட வேண்டும் என்பது பல தலைமுறைக் கணக்கு. சென்னை ஊரூர் குப்பத்து மீனவர் பாளையம் இவற்றைத் தொடர்ந்து எழுதிப் பதிவு செய்துவருகிறார். எந்த மீக்கணினியிலும் இல்லாத தரவு அது.

கடலடிப் பாறைத்திட்டுகளான 'பார்'களின் கதை இன்னும் கூர்மையானது. கரையில் தெரியும் கோபுரம், குன்று, பனைமரம், கலங்கரை விளக்கம் இவற்றில் இரண்டு மூன்றைக் கண்ணால் நேர்பிடித்துத்தான் பாரின் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். மாமல்லபுரம் அதற்கென்றே அமைந்த ஊர். ஐரோப்பிய மாலுமிகள் இதை 'ஏழு கோயில்கள்' என்று கடலிலிருந்து அடையாளம் கண்டார்கள். இப்போதைய கலங்கரை விளக்கம் வருமுன், பக்கத்துப் பாறைமேல் உள்ள ஒலக்கணேசுவரர் கோயிலின் மேல்தளத்தில்தான் விளக்கு எரிந்தது. தந்தை மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிய இடங்கள் இன்று ஜிபிஎஸ்ஸில் எண்களாக இருக்கின்றன. எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், விற்கலாம், திருடவும் திருடலாம். இடம் தெரிந்தவர் என்பதால் பெரியவருக்கு இருந்த மரியாதை, கருவியை இயக்கத் தெரிந்த பையனுக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

சிக்னல் அற்றுப்போகும் இடம்

கைப்பேசிக்குக் கரைதான் எல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் சிக்னல் மங்கும், பிறகு இருக்காது. இதன் விலையைக் கன்னியாகுமரி 2017இல் கொடுத்தது. நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வலுத்தபோது ஆழ்கடலில் இருந்த படகுகளுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. அதன் பிறகுதான் கடலுக்குள்ளும் செய்தி எட்ட வேண்டும் என்ற வேலை வேகம் பிடித்தது. 2019இல் வந்த 'ஜெமினி' கருவி செயற்கைக்கோள் வழியே செய்தியைப் பெற்றுப் படகிலுள்ள கைப்பேசிக்குத் தரும். மீனவரால் அதில் பதில் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் இஸ்ரோவின் தொழில்நுட்பத்தில் இருவழித் தொடர்புக் கருவிகள் 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

கரையிலும் செய்தி எட்டாமல் போவதுண்டு. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தார்கள். தூரத்துத் தென்கடல் புயல்களில் பிறந்து, உள்ளூரில் காற்றே இல்லாதபோது கரையைத் தாக்கும் 'கள்ளக்கடல்' பற்றி இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. கேரள மீனவர்கள் பெயரிட்டு அறிந்துவைத்திருந்த இந்த நிகழ்வை அறிவியல் உலகம் அவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது.

எதிர்த்திசையிலும் பழுது உண்டு. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலில் மிதக்கவிடும் தரவு மிதவைகள் காற்றையும் அலையையும் அளந்து அனுப்புகின்றன. மிதவையைச் சுற்றி மீன் கூடும் என்பதால் படகுகளை அதில் கட்டுவதும், அதனால் கருவிகள் சேதமாவதும் நடக்கிறது. தன் படகைக் காக்கும் எச்சரிக்கை இந்த மிதவையிலிருந்துதான் புறப்படுகிறது என்று யாராவது குப்பத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தச் சேதத்தில் பாதி குறைந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

விற்பனைப் பக்கம் கைப்பேசியின் நன்மை தெளிவானது. கேரளத்தில் 1997 முதல் 2001 வரை மத்தி விற்பனையை ஆராய்ந்த பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன், கைப்பேசி வந்தபின் வாங்க ஆளின்றி மீனைக் கொட்டுவது நின்றதையும், மீனவர் லாபம் 8 சதவீதம் உயர்ந்ததையும், வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்ததையும் காட்டினார். 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன்' போன்ற யூடியூப் சேனல்கள் வந்தபின், கடலையே பார்க்காத ஊர்க்காரர்களும் வலை இழுப்பதன் பாட்டை அறிந்திருக்கிறார்கள். மீனவர் தன் கதையைத் தானே சொல்வது பெரிய மாற்றம், வரவேற்க வேண்டிய மாற்றம்.

மீன்வளத் துறையிடமும் இன்காய்ஸிடமும் கேட்க வேண்டியவை இரண்டு. கரையோர அறிவிப்பை எழுத்தில் மட்டும் அனுப்பாமல், குப்பத்தில் புழங்கும் காற்றுப் பெயரையும் வெள்ளப் பெயரையும் சேர்த்து, குரல் செய்தியாகவும் ஒலிபெருக்கியிலும் தாருங்கள். அலை உடையும் இடத்தில் என்ன நடக்கிறது என்று காலையில் கரை திரும்பும் படகுக்காரர் சொல்வதைத் தரவாகப் பெற்றுக்கொள்ள ஒரு வழி திறந்து வையுங்கள். மாமல்லபுரம் முதல் கோவளம் வரை கைப்பேசியோடு கடலுக்குப் போகும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: தாத்தாவும் பெரியப்பாவும் சொல்லும் காற்றையும் வெள்ளத்தையும் பாரையும் அதே கைப்பேசியில் அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள். இந்த வாடைக் காலத்திலேயே தொடங்குங்கள்.