தெரிந்தால் போதுமா? எழுதத் தெரிய வேண்டாமா?

“எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன். தாள் முழுக்க நிரப்பினேன். ஆனாலும் புள்ளி வரவில்லை.”

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் நாள்களில் இப்படிச் சொல்லாத பிள்ளைகள் நம்மிடையே குறைவு. பிள்ளை சரியாகப் படிக்கவில்லையா, தாள் திருத்தியவர் சரியாகப் பார்க்கவில்லையா என்று தாய் தகப்பனுக்குக் குழப்பம். பெரும்பாலும் இரண்டுமே காரணமல்ல. பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை வரிசைப்படுத்தி எழுதத்தான் தெரியவில்லை.

நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன். என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள், மாலை நேரங்களில் புத்தகத்தோடு திரும்பி வருவதுண்டு. அவர்களுடைய விடைத்தாள்களைப் பார்க்கும்போது இந்தக் குறை வணிகவியல் பாடத்தில்தான் அதிகமாகத் தென்படுகிறது. கணக்குப் பாடமென்றால் படிப்படியாகச் செய்ய வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். வணிகவியலோ கடை, கடன், இலாபம் என்று தினமும் காதில் விழும் விஷயம். ஆகவே வாய்க்கு வந்தபடி எழுதினால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

இதை அலட்சியமாக விட்டுவிட முடியாது. ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிதெக்னிக் என்று மேற்படிப்பின் கதவுகள் எஸ்.பி.எம். முடிவைப் பார்த்துத்தான் திறக்கின்றன. ‘டி’ என்றால் வெறும் தேர்ச்சி. ‘சி’ என்றால் கிரெடிட். இந்த இரண்டுக்கும் இடையே இருப்பது சில புள்ளிகளே. அந்தச் சில புள்ளிகளைத்தான் நம் பிள்ளைகள் கையிலிருந்து நழுவ விடுகிறார்கள்.

கேள்வி என்ன கட்டளை இடுகிறது?

இடைநிலைப் பள்ளியில் நம் பிள்ளைகள் விடை எழுதுவது மலாய் மொழியில். கேள்வியில் வரும் கட்டளைச் சொல்லைப் பார்த்து, எவ்வளவு எழுத வேண்டும் என்பதை அறிந்துகொள்ளலாம்.

‘ஞாத்தாக்கான்’ என்றால் கருத்தைச் சொல், அவ்வளவுதான். ஒரு வரி போதும். ‘ஜெலாஸ்கான்’, ‘ஹுராய்க்கான்’ என்றால் கருத்தைச் சொல்லிவிட்டு விளக்கமும் கொடு. ‘பண்டிங்கான்’ என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடு. ஒன்றைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி விடைதான். ‘பிஞ்சாங்கான்’ என்றால் நல்லது கெட்டது இரண்டையும் ஆராய்ந்து எழுது. ‘வாஜார்கான்’ என்றால் ஒரு முடிவைச் சொல்லி அதற்குக் காரணம் காட்டு.

‘ஞாத்தாக்கான்’ கேள்விக்கு அரைப் பக்கம் எழுதி நேரத்தைத் தொலைக்கும் பிள்ளை, ‘ஜெலாஸ்கான்’ கேள்விக்கு ஒரே வரி எழுதிவிட்டு எழுந்து வருகிறது. இரண்டு இடத்திலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான். பென்சிலை எடுத்து முதலில் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போடும் பழக்கம் வர வேண்டும். எத்தனை கருத்து கேட்டிருக்கிறார்கள், எத்தனை புள்ளி என்பதையும் வட்டமிட வேண்டும். பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

நான்கு சிறு கேள்விகள்

விளக்கம் கேட்கும் கேள்விக்கு எப்படி எழுதுவது? பள்ளிகளில் ஆசிரியர்கள் ‘பாக்தா, ஹுராயான், சொந்தோ’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். கருத்து, விளக்கம், எடுத்துக்காட்டு என்று பொருள். இதையே நான் பிள்ளைகளுக்கு நான்கு சிறு கேள்விகளாகச் சொல்லிக் கொடுக்கிறேன்: என்ன? ஏன்? அதனால்? எங்கே?

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். தனி ஒருவர் நடத்தும் வணிகத்தின் இரண்டு குறைபாடுகளை விளக்குக, 4 புள்ளி. ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறது:

“தனி ஆள் நடத்தும் கடையில் முதல் குறைவு. கடை சிறியதாக இருக்கும். நிறையப் பொருள் வாங்கிப் போட முடியாது. பணம் இல்லாமல் கஷ்டப்படுவார்.”

நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. ஆனால் எண்ணிப் பாருங்கள், கருத்து ஒன்றுதான். முதல் குறைவு என்ற ஒரே செய்தியைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. இரண்டாவது குறைபாடு எங்குமே இல்லை. இந்த விடைக்குப் பாதிப் புள்ளிக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. தாளை நிரப்பியும் புள்ளி வராததன் இரகசியம் இதுதான்.

இதே கேள்விக்கு நான்கு படிகளைப் பின்பற்றும் பிள்ளை எப்படி எழுதும் என்று பாருங்கள்:

“முதலாவது, மூலதனம் குறைவு. ஏனெனில் உரிமையாளர் தம் சேமிப்பையும் தாம் பெறும் கடனையும் மட்டுமே நம்பியிருக்கிறார். அதனால் வணிகத்தை விரிவுபடுத்துவது கடினம். எடுத்துக்காட்டாக, மளிகைக் கடைக்காரர் ஒருவர் இரண்டாவது கடை திறக்கப் பல ஆண்டுகள் பணம் சேர்க்க வேண்டியிருக்கும்.

“இரண்டாவது, வரம்பற்ற கடன் பொறுப்பு. ஏனெனில் சட்டத்தின் பார்வையில் உரிமையாளரும் வணிகமும் வேறு வேறு அல்ல. அதனால் வணிகம் நொடித்துப் போனால் சொந்தச் சொத்தை விற்றாவது கடனை அடைக்க நேரிடும். எடுத்துக்காட்டாக, மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கிக்காகக் கடைக்காரர் தம் சொந்த வேனை விற்க வேண்டி வரலாம்.”

இரண்டு கருத்துக்கு இரண்டு பத்தி. திருத்துபவர் தேட வேண்டிய வேலையே இல்லை. மலாயில் எழுதும்போது ‘கெரானா’ என்ற சொல் ‘ஏன்’ என்பதற்கும், ‘ஓலே இத்து’ என்பது ‘அதனால்’ என்பதற்கும், ‘சொந்தோஞா’ என்பது ‘எங்கே’ என்பதற்கும் வாசல். இந்த மூன்று சொற்களும் இல்லாத பத்தியைப் பிள்ளை மறுபடியும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

பாட்டி சொன்ன கதையும் பாடந்தான்

எடுத்துக்காட்டுக்குப் பெரிய பெரிய கம்பெனிகளின் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். வணிகவியலில் ‘கொப்பெராசி’, அதாவது கூட்டுறவுச் சங்கம் பற்றிய பகுதி உண்டு. அதற்கு நம் தோட்ட மக்களின் வரலாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறெங்கே கிடைக்கும்?

1950களின் பிற்பகுதியில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் வீடும் போய்விடும் என்று தொழிலாளர்கள் கலங்கி நின்றார்கள். அந்த நேரத்தில், 1960ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரர் ஆனார்கள். 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமானது.

இதை விடையாக்கிப் பாருங்கள். என்ன? பலருடைய சிறு தொகை சேர்ந்து பெரிய மூலதனம் ஆகிறது. ஏன்? உறுப்பினர்கள் பலரும் பங்கு வாங்குவதால். அதனால்? தனி ஒருவரால் வாங்க முடியாத சொத்தை உறுப்பினர்கள் கூட்டாக வாங்க முடிகிறது. எங்கே? நம் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில்.

ஆனால் ஒன்று. எடுத்துக்காட்டு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. கருத்தை விட்டுவிட்டுக் கதையை மட்டும் எழுதினால் அது கட்டுரைப் போட்டிக்குத்தான் உதவும்.

ஆராய்ந்து முடிவு சொல்வது

தோசைக் கடை நடத்தும் ஒரு பெண்மணி கடையைப் பெரிதாக்க விரும்புகிறார். கடன் வாங்குவதா, பங்காளியைச் சேர்ப்பதா? ஆராய்க என்று கேள்வி வருகிறது. பிள்ளைகள் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். இங்கே இரண்டு பக்கமும் பேச வேண்டும்.

கடன் வாங்கினால் கடை அவர் கையிலேயே இருக்கும், இலாபமும் அவருக்கே. ஆனால் வியாபாரம் மந்தமானாலும் மாதத் தவணை நிற்காது. பங்காளி வந்தால் தவணைத் தொல்லை இல்லை, வேலைக்கும் துணை கிடைக்கும். ஆனால் இலாபத்தைப் பகிர வேண்டும். பங்காளிகளுக்கிடையே வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1961ஆம் ஆண்டுப் பங்காளித்துவச் சட்டப்படி இலாபமும் நட்டமும் சமபங்குதான்.

பிறகு முடிவு. வியாபாரம் நிலையாக நடக்கிறது, தவணை கட்டும் வருமானம் இருக்கிறது என்றால் கடனே நல்லது என்று எழுதலாம். வருமானம் ஏறி இறங்குகிறது என்றால் பங்காளியே மேல் என்றும் எழுதலாம். எந்த முடிவானாலும், கேள்வியில் கொடுத்துள்ள செய்தியோடு பொருந்தும் காரணம் காட்டப்பட வேண்டும். காரணமில்லாத முடிவு வெறும் அபிப்பிராயம்.

நேரத்தைப் பங்கு போடுங்கள்

100 புள்ளிக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். 4 புள்ளிக் கேள்விக்கு 6 நிமிடம்; 10 புள்ளிக் கேள்விக்கு 15 நிமிடம். தெரிந்த கேள்வியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கடைசிக் கேள்வியைத் தொடாமல் வருவது, முற்றிய செம்பனைக் குலையை மரத்திலேயே விட்டுவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

“எங்களுக்கு என்ன தெரியும் சார்? நாங்கள் ஆறாவதோடு நின்றவர்கள்” என்பார்கள் பெற்றோர். அப்படிச் சொல்லாதீர்கள். மளிகைக் கடையில் 555 புத்தகத்தில் எழுதிச் சாமான் வாங்கிச் சம்பளத்தன்று அடைத்த குடும்பங்கள் நம்முடையவை. கடனுக்குக் கொடுக்கும் கடைக்காரருக்கு வாடிக்கை பெருகும், ஆனால் பாக்கி நின்றுபோகும் ஆபத்தும் உண்டு என்பதை எந்தப் பாடநூலும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே, வேலை முடிந்து வந்து இரவுச் சோறு உண்ணும் வேளையில் பிள்ளையைக் கேளுங்கள்: “இன்றைக்கு என்ன பாடம்?” ஒரு கருத்தைச் சொல்லட்டும். “ஏன் அப்படி?” என்று கேளுங்கள். “அதனால் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். “நம் ஊரில் எங்கே அப்படி நடக்கிறது?” என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். பிள்ளை தமிழிலேயே சொல்லட்டும். பிறகு அதையே மலாயில் நான்கு வரியாக எழுதச் சொல்லுங்கள். நீங்கள் திருத்த வேண்டியதில்லை. நான்கு வரியும் இருக்கின்றனவா என்று எண்ணினால் போதும். திருத்துவதற்குப் பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார்.

வாரத்துக்கு மூன்று இரவு, இரவுக்கு ஒரு கருத்து. செலவு ஒரு காசு இல்லை. நான்காம் படிவத்தில் இந்தப் பழக்கத்தைத் தொடங்கும் பிள்ளை, ஐந்தாம் படிவத்தின் இறுதியில் தேர்வு மண்டபத்துக்குள் நுழையும்போது, கேள்வியைக் கண்டு மிரளாது. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.