ரஞ்சன்காவ் மூக்குகளைச் சோதிப்பது யார்?

மகாராஷ்டிரத்தின் அஷ்டவிநாயகத் தலங்களில் ஒன்றான ரஞ்சன்காவில் இன்று கணபதி கோயில் கூட்டத்துக்குச் சமமாக ஷிப்ட் பேருந்துகளும் வரிசை கட்டுகின்றன. கார், ஃப்ரிட்ஜ், டிவி செய்யும் ஊர் இது. பெயிண்ட், தின்னர் நெடி கொஞ்ச நாளில் பழகிவிடும் என்பார்கள். பழகியதா, முகரும் செல்களே செத்துவிட்டனவா?

எலியிடம் இதற்குப் பதில் கிடைப்பது எளிது. அதன் மூக்கின் உட்பரப்பில் ஏறத்தாழ பாதி முகர்வுச் சவ்வுதான். மனிதனுக்கோ மூக்கின் கூரையில் சில சதுர சென்டிமீட்டர், அதுவும் திட்டுத் திட்டாக. வயது ஏற ஏற, இடையிடையே வெறும் சுவாசச் சவ்வு வந்து உட்கார்ந்துகொள்ளும். பயாப்ஸி எடுத்தால் ஒரு முகர்வு செல்கூடச் சிக்காமல் போகலாம்.

கிடைத்தது முகர்வு நரம்பு செல்தானா என்று காட்டிக்கொடுப்பது ஓஎம்பி என்ற புரதம். 1972இல் ஃபிராங்க் மார்கோலிஸ் எலியில் கண்டறிந்தது. அதோடு ஒட்டும் ஆன்டிபாடியைச் சாயத்துடன் திசுத் துண்டில் விட்டால், முதிர்ந்த செல்கள் ஒளிர்ந்து நிற்கும். இளம் செல்களுக்கு ஜிஏபி-43 என்ற வேறு அடையாளம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பழையவை போன இடத்தில் புதியவை முளைக்கின்றனவா என்பதும் புரியும்.

முளைக்கத்தான் செய்கின்றன, பயம் வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. வாழ்நாள் முழுக்க புதுப்பிக்கப்படும் அபூர்வ நரம்பு செல்கள் இவை என்பது உண்மையே. ஆனால் காட்மியத்தோடு வருடக்கணக்கில் புழங்கிய பேட்டரித் தொழிலாளர்களின் முகர்வு குன்றியது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. முகர்வு போனவருக்கு கேஸ் கசிவும் தெரியாது.

இந்தியாவுக்கு இந்தத் துறை புதிதல்ல. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திகியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் 1970களிலேயே பழ ஈயின் மரபணுக்கள் வழியே அதன் முகர்வை ஆராய்ந்தார்கள். கோவிட் காலத்தில் புனேயின் ஐசர் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள், அறிகுறி தெரியாத தொற்றாளர்களின் முகர்வுக் குறையைக் கருவி வைத்து அளந்தார்கள். ரஞ்சன்காவ் இருப்பதும் அதே மாவட்டத்தில்தான். காதுக்கு ஆடியோமெட்ரி, நுரையீரலுக்கு ஸ்பைரோமெட்ரி வைக்கும் தொழிற்சாலைப் பரிசோதனையில் மூக்குக்கு ஏன் இடமில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

யாரும் பயாப்ஸி கேட்கவில்லை. முகர்வைச் சோதிக்க, சுரண்டி முகரும் அட்டைகள் 1980களிலிருந்தே அமெரிக்காவில் உண்டு. அவற்றில் பீட்சா வாசனையும் ஒன்று. இங்கே அந்த இடத்தில் கொத்தமல்லியையோ கற்பூரத்தையோ வைத்துக்கொள்ளலாம்.