ஒரு 'த' விட்டுப்போனால்

தியாகதுருகம் பக்கம் மக்காச்சோளம் போட்டிருக்கும் மாமா, போன வாரம் ஒரு மனுவை டைப் அடித்து எடுத்துவந்து காட்டினார். "வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் வயலில் நிற்கும் நிலை உள்ளது" என்று இருந்தது.

"மாமா, வாய்க்கால் தூர்ந்துடுச்சா, இல்ல இனிமே தூருமா?"

"தூர்ந்து ரெண்டு வருஷமாச்சு மாப்ள!"

அப்படியென்றால் "தூர்ந்ததால்" என்று இருக்க வேண்டும். படிக்கிற அதிகாரிக்கு முதலாவது வரப்போகும் பயம். இரண்டாவது நடந்துவிட்ட சேதம். இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளும் கண்டுகொள்ளாது.

இரண்டு 'ஆல்'களும் வேறு வேறு. "தூர்ந்தால்" என்பதில் உள்ள ஆல், நிபந்தனை காட்டும் வினையெச்ச விகுதி. "தூர்ந்ததால்" என்பது தூர்ந்தது + ஆல். இங்கே "தூர்ந்தது" பெயர்ச்சொல்லாக நிற்கிறது. அதோடு சேரும் ஆல் மூன்றாம் வேற்றுமை உருபு. "கத்தியால் வெட்டினான்" என்பதில் கருவியைக் காட்டும் அதே ஆல்தான் இங்கே காரணத்தைக் காட்டுகிறது.

வேடிக்கை என்னவென்றால், பேச்சில் இந்தக் குழப்பம் வருவதே இல்லை. "மழ பேஞ்சா" என்றால் நிபந்தனை. "மழ பேஞ்சதால" அல்லது "பேஞ்சதுனால" என்றால் காரணம். நிபந்தனையில் 'ல்' உதிர்ந்துவிடுகிறது, காரணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய் பிரித்துவைத்ததை எழுத்து பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது.

இது நமக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. ஸ்பானிய மொழியில் "கோமோ" என்ற சொல் வாக்கியத் தொடக்கத்தில் வந்தால் இரண்டு வேலையும் செய்யும். "கோமோ யுவேவே" என்றால் 'மழை பெய்வதால்'. "கோமோ யுவேவா" என்றால் 'மழை மட்டும் பெய்தால்...' என்று எச்சரிக்கும் தொனி. கடைசி உயிரெழுத்து மாறினால் வினையின் பாங்கு மாறுகிறது, காரணம் நிபந்தனையாகிவிடுகிறது. சந்தேகம் வேண்டாம் என்றால் அவர்களுக்கு "போர்கே" (ஏனென்றால்), "சி" (ஒருவேளை அப்படியானால்) என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன.

நமக்கும் வழி உண்டு. "தூர்ந்த காரணத்தால்" என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். பொருள் பொருந்தினால் 'ததால்' போடுங்கள். முன்னால் "ஒருவேளை" சேர்த்துப் பொருந்தினால் 'தால்' போதும். இன்னும் பாதுகாப்பாக வேண்டுமா? 'அன்' சாரியை சேர்த்து "தூர்ந்ததனால்" என்று எழுதிவிடுங்கள். அதில் ஓர் எழுத்து விழுந்தாலும் நிபந்தனையாக மாறாது.

மாமாவின் மனுவில் அப்படித்தான் திருத்தினோம். கூடவே "இரண்டு ஆண்டுகளுக்கு முன்" என்பதையும் சேர்த்தோம்.