வலையமைப்புப் பரீட்சைக்கு எதைப் படிப்பது? எதை வாங்காமல் விடுவது?

இரவு வேலை முடிந்து காலையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் எம்மவர் சிலரின் கையில் இப்போது சாப்பாட்டுப் பையுடன் ஒரு தடித்த புத்தகமும் இருப்பதைக் காண்கிறோம். கணனி வலையமைப்புப் படித்துச் சான்றிதழ் ஒன்று எடுத்தால், பெட்டி தூக்கும் வேலையில் இருந்து வெளியே வரலாம் என்பது அவர்களுடைய எண்ணம். நல்ல எண்ணந்தான். ஆனால் "எந்தப் புத்தகம் வாங்குவது? எந்த வகுப்புக்குப் போவது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் பலர் பணத்தையும் காலத்தையும் வீணாக்குகிறார்கள். நாங்களும் வீணாக்கினோம். புதிதாக வந்த குடும்பங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ரொறன்ரோவில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் நாலு பேர் நாங்கள். பட்டம் பெற்றவர்கள் எவரும் இல்லை. நாலு பேரும் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவர்கள். 2024 ஜனவரியில் ஒன்றாகப் படிக்கத் தொடங்கினோம்.

எந்தப் பரீட்சை?

நாங்கள் எடுத்துக்கொண்டது சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. பரீட்சை. 1998 இல் அறிமுகமான இது அந்த நிறுவனத்தின் சான்றிதழ் வரிசையில் தொடக்கப் படிக்கு அடுத்த படி. இதற்கு மேலே சி.சி.என்.பி., அதற்கும் மேலே சி.சி.ஐ.ஈ. என்று இருக்கின்றன. நாங்கள் எழுதிய பரீட்சைக்கு நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி வேறு. ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் எழுதலாம், தமிழில் இல்லை. ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து திருத்த முடியாது. சித்தியடைந்தால் சான்றிதழ் மூன்று வருடத்திற்குச் செல்லும்.

கனடியக் காசாகப் பார்த்தால் எமது அரைக் கிழமைச் சம்பளம் அந்தக் கட்டணத்திற்கே போய்விடும். ஆகவே படிக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் பிழை விட்டால் அது பிள்ளைகளின் குளிர் உடுப்பிலும் வாடகையிலும் வந்து விழும்.

நாங்கள் விட்ட பிழைகள்

முதலாவது பிழை பழைய புத்தகம். பழைய புத்தகக் கடை ஒன்றில் பத்து டொலருக்குத் தடித்த புத்தகம் கிடைத்தது. அட்டையில் சி.சி.என்.ஏ. என்று போட்டிருந்தது, வேறொன்றும் பார்க்கவில்லை. இரண்டு மாதம் அதைப் படித்தோம். ஈ.ஐ.ஜி.ஆர்.பி. என்ற வழிகாட்டும் முறையை அமைப்பதை ஆளையாள் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினோம். பிறகுதான் தெரிந்தது, அது 200-125 என்ற இலக்கமுள்ள பரீட்சைக்கான புத்தகம், அந்தப் பரீட்சை 2020 பெப்ரவரியோடு முடிந்துவிட்டது என்று. அதற்குப் பின்னர் வந்த பரீட்சையின் இலக்கம் 200-301. நாங்கள் மினக்கெட்டுப் படித்த அந்த அமைப்பு முறை அதில் கேட்கப்படுவதே இல்லை. அதில் கேட்கப்படும் தன்னியக்க முறைகளைப் பற்றி எமது புத்தகத்தில் போதிய பாடம் இல்லை.

இரண்டாவது பிழை இயந்திரங்கள். "உண்மையான சாமான் இல்லாமல் படிக்க ஏலாது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாவித்த றூட்டர் இரண்டும் ஸ்விச் ஒன்றும் வாங்கினோம். கீழ்வீட்டு அறையில் அவை போட்ட இரைச்சலில் குழந்தை நித்திரை கொள்ளவில்லை. மேலே இருந்த வீட்டுக்காரர் மின்சாரக் கணக்கைக் காட்டி ஏசினார். இப்போது அவை கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன.

மூன்றாவது பிழை, ஆளுக்கொரு வழி. ஒருவர் ஒரு வீடியோ, மற்றவர் இன்னொரு வீடியோ, இன்னொருவர் காசு கட்டி ஒரு வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூடினால் ஒருவர் படித்தது மற்றவருக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் முதல் மூன்று பாடம் பார்த்திருந்தோம். ஒன்றையும் முடிக்கவில்லை.

முதலில் பட்டியல், பிறகு புத்தகம்

எமக்கு வழி காட்டியது ஒரு சதமும் செலவில்லாத ஒரு பொருள். பரீட்சையில் என்னென்ன கேட்கப்படும் என்ற பட்டியலைச் சிஸ்கோ நிறுவனமே இலவசமாக வெளியிடுகிறது. 200-301 பரீட்சைக்கு 2024 ஓகஸ்ட் 20 முதல் 1.1 என்ற பதிப்பு வந்தது. அதில் ஆறு பகுதிகள்: வலையமைப்பின் அடிப்படை 20 வீதம், வலையமைப்பில் இணைதல் 20 வீதம், ஐ.பி. தொடர்பு 25 வீதம், ஐ.பி. சேவைகள் 10 வீதம், பாதுகாப்பு 15 வீதம், தன்னியக்கம் 10 வீதம்.

இந்தப் பட்டியலை அச்சடித்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினோம். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தை, எந்த வகுப்பைப் பார்த்தாலும் முதலில் அதன் பொருளடக்கத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டோம். பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்கவில்லை. இந்தப் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே நீங்கள் படிக்கத் தொடங்கும் நாளில் இலக்கத்தையும் பதிப்பையும் சிஸ்கோவின் பட்டியலில் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். எம்மைப் போன்றவர்கள் சொல்வதை நம்பி இருந்துவிட வேண்டாம்.

நாலு பொருள் காணும்

ஒன்று, ஒரு புத்தகம். வெண்டல் ஓடம் என்பவர் எழுதிய, சிஸ்கோ பிரஸ் வெளியிட்ட இரண்டு பாகப் புத்தகத்தை எடுத்தோம். அதன் இரண்டாம் பதிப்பு 2024 இல் வந்தது. விளக்கம் விரிவு, ஆனால் ஆங்கிலம் நீளம். வாங்குவதற்கு முன் பொது நூலகத்தில் எடுத்து ஒரு அத்தியாயம் படித்துப் பாருங்கள். ஐ.பி. முகவரிகளைக் கூறு போடும் அத்தியாயம் நல்ல சோதனை. 192.168.10.0 என்ற வலையமைப்பை /26 என்று பிரித்தால் ஒவ்வொரு கூறிலும் 64 முகவரி, அதில் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியது 62. மூன்று முறை படித்தும் இந்தக் கணக்கை உங்களால் கையால் செய்ய முடியவில்லை என்றால், உங்களில் குறையில்லை, அந்தப் புத்தகம் உங்களுக்கு ஏற்றதல்ல. வேறொன்றைப் பாருங்கள். இன்னொன்று: இப்படிப்பட்ட புத்தகங்களோடு மாதிரிப் பரீட்சை செய்வதற்கு ஓர் இரகசிய எண் வரும். பாவித்த புத்தகத்தில் அந்த எண்ணை முதல் சொந்தக்காரர் பாவித்து முடித்திருப்பார். விலை பேசும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டு, ஒரு வீடியோத் தொடர். யூரியூபில் ஜெரமிஸ் ஐ.ரி. லாப் என்ற இலவசத் தொடரை எடுத்தோம். அறுபதுக்கு மேற்பட்ட நாட்பாடங்கள். பயிற்சிக் கோப்புகளும் கேள்வி அட்டைகளும் இலவசமாகவே வருகின்றன. இதை முடிக்கும்வரை வேறு தொடரைத் திறப்பதில்லை என்று நாலு பேரும் சத்தியம் செய்துகொண்டோம்.

மூன்று, கைப்பயிற்சி. சிஸ்கோவின் பக்கெற் ட்ரேசர் என்ற மென்பொருள் இலவசம். பெயரைப் பதிந்து இறக்கிக்கொள்ளலாம். றூட்டர், ஸ்விச், வயர் எல்லாவற்றையும் திரையிலேயே பூட்டிக் கட்டளைகளைத் தட்டிப் பார்க்கலாம். எங்கள் பழைய மடிக்கணனியிலும் ஓடியது. கட்டிலுக்குக் கீழே கிடக்கும் இயந்திரங்கள் இந்தப் பரீட்சைக்குத் தேவைப்படவே இல்லை.

நாலு, மாதிரிப் பரீட்சை. இதற்குக் கொஞ்சம் காசு செலவழிக்கலாம். ஆனால் பார்க்க வேண்டியது கேள்விகளின் தொகையை அல்ல. விடை ஏன் சரி, மற்றவை ஏன் பிழை என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கம் இல்லாத ஆயிரம் கேள்வியிலும் விளக்கமுள்ள நூறு கேள்வி மேல்.

தமிழில் படிக்கலாமா?

தமிழில் விளக்கும் வீடியோக்களும் உண்டு. விளங்காத இடத்தில் அவை பெரிய உதவி. ஆனால் பரீட்சை ஆங்கிலத்தில் வருவதால், விளங்குவது தமிழிலும் சொற்கள் ஆங்கிலத்திலும் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். ஒரு கொப்பியில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் எமது விளக்கம். ஸ்விச் என்பது வளவுக்குள் ஆட்களை அறிந்து சாமானைக் கொடுப்பது. வளவை விட்டு வெளியே போவதென்றால் படலையால்தான் போகவேண்டும்; அந்தப் படலைதான் டிஃபோல்ற் கேற்வே. இப்படி எழுதியபின் அது மறக்கவே இல்லை. எம்மில் ஒருவரின் மனைவி சமைத்துக்கொண்டே கொப்பியைப் பார்த்துக் கேள்வி கேட்பார். இப்போது அவருக்கும் பாதிப் பாடம் தெரியும்.

குறுக்கு வழி என்ற குழி

இதை எழுதத்தான் எமக்குக் கஷ்டமாக இருக்கிறது. எம்மில் ஒருவர் நாற்பது டொலர் கொடுத்து ஒரு கேள்வி விடைக் கட்டு வாங்கினார். "தம்பி, இதைப் பாடமாக்கினால் காணும், பாஸ்தான்" என்று சொல்லி விற்றவர் எம்மவர்தான். பரீட்சை எழுதியவர்கள் களவாக வெளியே கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் கேள்விகள் அவை. எமது நண்பர் எங்களுக்குச் சொல்லாமல், சீட்டுக் காசில் கட்டணம் கட்டி, 2024 நவம்பரில் பரீட்சைக்குப் போனார். அங்கே கட்டளைகளைத் தானே தட்டிச் செய்துகாட்டும் கேள்விகள் வந்தன. கட்டில் இருந்த விடைகள் உதவவில்லை. சில விடைகள் பிழை என்பதும் பின்னர் தெரிந்தது. பெயில். வெட்கத்தில் இரண்டு கிழமை எங்களோடு சாப்பாட்டு மேசையில் இருக்கவில்லை.

அவர் தோற்றது நல்லது என்றே இப்போது நினைக்கிறோம். இப்படிக் களவுக் கேள்விகளைப் பாவிப்பது பரீட்சைக்கு முன் நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு எதிரானது. பிடிபட்டால் பெறுபேறு இரத்தாகலாம், மீண்டும் எழுதவும் தடை வரலாம். பிடிபடாவிட்டாலும், வேலைக்கு எடுத்தவர் ஒரு ஸ்விச்சைக் கையில் தந்து "இதை அமை" என்றால் என்ன செய்வது? ஒருவர் விழித்து நின்றால் அடுத்த தமிழனுக்கும் அந்தக் கதவு அடைபடும்.

தோற்றவருக்குக் கிடைத்த பெறுபேற்றுத் தாளில் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு வீதம் என்று போட்டிருந்தது. ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம் என்பது விதி. ஆனால் நாங்கள் அவரை அவசரப்பட விடவில்லை. அந்தத் தாளைக் கதவில் இருந்த பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டி, குறைந்த பகுதிகளில் இருந்து திரும்பவும் தொடங்கினோம். 2025 மே மாதம் அவர் சித்தியடைந்தார்.

இன்றைய நிலை

நாலு பேரில் இருவர் சித்தி. ஒருவர் கட்டடங்களில் வயர் இழுத்து ஸ்விச் பூட்டும் வேலையில் சேர்ந்துவிட்டார். தொடக்கச் சம்பளம் தொழிற்சாலையை விடப் பெரிதாகக் கூடவில்லை, ஆனால் பகல் வேலை. தோற்றுப் பின் வென்றவர் இன்னும் எங்களோடு பெட்டி அடுக்கிக்கொண்டே வேலைக்கு விண்ணப்பிக்கிறார். மூன்றாமவர் பரீட்சைக்கு ஆயத்தம் செய்கிறார். நாலாமவர் மேலதிக வேலை காரணமாக இடையில் நிறுத்திவிட்டார். அவரில் பிழை சொல்ல எமக்கு மனமில்லை. சான்றிதழ் எடுத்த மறுநாள் வேலை வீடு தேடி வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எங்கள் புத்தகங்கள் இரண்டும் இப்போது கடந்த வருடம் வந்த ஒரு குடும்பத்திடம் இருக்கின்றன. கொடுக்கும்போது முதற்பக்கத்தில் பேனையால் இப்படி எழுதிக் கொடுத்தோம்: "இது 200-301, பதிப்பு 1.1 க்கு உரியது. இலக்கம் மாறியிருந்தால் இதை வைத்துப் படிக்க வேண்டாம். அடுத்தவருக்கும் கொடுக்க வேண்டாம்."